பழைய பொம்மை ரயில்ல பணம் போடப் போறீங்களா? முதல்ல எது ஒரிஜினல், எது ரீப்ரோன்னு பாருங்க

நம்ம சேனல்ல எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ், பழைய ரெஜிமா புது ரெஜிமா, இப்படித்தான் பேசிட்டு இருப்போம். இன்னைக்கு டாபிக் பொம்மை ரயில். சிரிக்காதீங்க, 600 டாலர் சமாச்சாரம் இது.

என் காலேஜ் ரூம்மேட் ஒருத்தன் நியூஜெர்சியில ஐடி வேலையில இருக்கான். போன வருஷம் செப்டம்பர்ல, போனஸ் வந்த கையோட ஒரு பழைய லயனல் ரயில் வேகனை ஆன்லைன்ல வாங்கினான். வீடியோ கால்ல அதைக் காட்டி, "மச்சான், இது பொம்மை இல்லடா, இன்வெஸ்ட்மென்ட்"னான். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "600 டாலர்ல எந்தப் பாகத்துக்கு எவ்வளவு கொடுத்த?" அவன்கிட்ட பதில் இல்லை. ஆடிட்ல இப்படி ஒரு பில் வந்தா நான் கையெழுத்துப் போடவே மாட்டேன்.

கொஞ்சம் பின்னணி. லயனல் 1900-ல நியூயார்க்ல ஜோஷுவா லயனல் கோவன் ஆரம்பிச்ச கம்பெனி. இரண்டாம் உலகப்போர்னால 1942-ல பொம்மை ரயில் தயாரிப்பு நின்னு, 1945 கடைசியில திரும்ப ஆரம்பிச்சது. அதுல இருந்து 1969 வரைக்கும் வந்ததை சேகரிப்பாளர்கள் 'போஸ்ட்வார்'னு சொல்றாங்க. அமெரிக்காவில 1950கள்ல வளர்ந்த பசங்க பல பேர் வீட்டுல ஒரு செட் இருந்தது. அவங்க பெரியவங்களாகி, அதே செட்டைத் தேடி வாங்க ஆரம்பிச்சதும் ஒரு மார்க்கெட் உருவாச்சு. இதுக்குன்னே 1954-ல டிரெயின் கலெக்டர்ஸ் அசோசியேஷன் ஆரம்பிச்சு, பொருள் எந்த நிலையில இருக்குன்னு சொல்ல தர அளவுகோல் எல்லாம் வெச்சிருக்காங்க.

இப்போ பிரச்சினைக்கு வருவோம். 60 வருஷம் குழந்தைங்க விளையாடின பொருள்ல எது காணாமப் போகும்? சின்னதா, கழட்டற மாதிரி இருக்கறது எல்லாம். ஏணி, பிரேக் சக்கரம், விளக்குக் கண்ணாடி, ஹெலிகாப்டர் இறக்கை, வேகன் மேல வெச்ச சரக்கு. அந்தப் பாகங்களைத்தான் பின்னாடி வந்தவங்க பழசைப் பார்த்து அச்சு அசலா புதுசா செஞ்சு விக்கறாங்க. இதுக்குப் பேர்தான் ரீப்ரொடக்‌ஷன், சுருக்கமா ரீப்ரோ.

ரீப்ரோ ஒண்ணும் திருட்டுப் பொருள் இல்லை. போருக்கு முன்னாடி வந்த பல ரயில்களோட சக்கரங்கள் துத்தநாகக் கலவையில வார்த்தது. அதுல ஈயம் மாதிரி அசுத்தம் கொஞ்சம் கலந்திருந்தாலே போதும், வருஷம் போகப்போக உள்ளுக்குள்ள விரிசல் விட்டு, வீங்கி, பிஸ்கட் மாதிரி உதிர்ந்துடும். அந்த வண்டி ஓடணும்னா ரீப்ரோ சக்கரம் மாட்டியே ஆகணும். அதைச் சொல்லி வித்தா நியாயம். சொல்லாம ஒரிஜினல் விலை வாங்கினா அங்கேதான் உங்க காசு போகுது.

வேகன் மலிவு, மேல இருக்கற சரக்குதான் விலை

என் நண்பன் வாங்கினது 6414 நம்பர் ஆட்டோ லோடர். 1955-ல வந்த வேகன், இரண்டு தட்டுல நாலு குட்டிப் பிளாஸ்டிக் கார் நிக்கும். வழக்கமா சிவப்பு, மஞ்சள், வெள்ளை, நீலப்பச்சைன்னு நாலு நிறம். குரோம் பம்பர், ஜன்னல், ரப்பர் டயர் எல்லாம் இருக்கும். பின்னாடி செலவைக் குறைக்க பம்பர், சக்கரம் எதுவும் இல்லாத மலிவு கார்களும் போட்டாங்க. இடையில சாம்பல் நிற பம்பரோட பச்சை, பழுப்பு நிறங்கள்ல கொஞ்சம் வந்தது. இந்தப் பச்சையும் பழுப்பும்தான் அரிது. அரிதுன்னா என்ன அர்த்தம்? ரீப்ரோ செய்யறவங்களும் முதல்ல அதைத்தான் செய்வாங்க!

நண்பனோட வேகன்ல நாலும் பச்சை.

அக்டோபர்ல ஆபீஸ் வேலையா நான் நியூயார்க் போயிருந்தேன். வார இறுதியில ரெண்டு பேரும் வேகனை டைனிங் டேபிள்ல வெச்சு உட்கார்ந்தோம். எனக்கு ரயில் பத்தி அப்போ ஒண்ணும் தெரியாது. ஆனா ஸ்டாக் வெரிஃபிகேஷன் தெரியும். லிஸ்ட்ல இருக்கற ஒவ்வொரு ஐட்டத்தையும் தனியாப் பார்க்கணும், மொத்தமாப் பார்க்கக் கூடாது. அவனோட டீம்ல சீனியர் ஒருத்தர் 30 வருஷமா ரயில் சேகரிக்கறவர். அவர் போன்லயே சொல்லிக் கொடுத்தார்.

முதல்ல தேய்மானம். நம்ம பேலன்ஸ் ஷீட்ல வர்ற தேய்மானம் இல்லை, நிஜத் தேய்மானம். ஒரே வீட்டுல ஒண்ணாவே இருந்த பொருள்னா எல்லாப் பாகமும் கிட்டத்தட்ட ஒரே அளவு தேஞ்சிருக்கணும். எங்க வேகன்ல அச்சுல துரு, ஓரங்கள்ல பெயின்ட் போயிருக்கு. மேல இருந்த கார்களோ நேத்து ஷோரூம்ல இருந்து வந்த மாதிரி, டயர்ல ஒரு கீறல் இல்லை. இது ஒண்ணே சந்தேகத்துக்குப் போதும். ஆனா தீர்ப்பு இல்லை. ஏன்னா நியூயார்க் 23-வது தெருவில மேடிசன் ஹார்டுவேர்னு ஒரு கடை இருந்தது. லயனலோட விக்காத பழைய ஸ்டாக்கும் பாகங்களும் பல பத்தாண்டுகள் அங்கே கிடைச்சது. பயன்படுத்தாத ஒரிஜினல் பாகம்னு ஒண்ணு உண்மையிலேயே உண்டு.

அடுத்து அச்சு. ஒரிஜினல் பாகத்தை வெச்சே அச்சு எடுத்து வார்த்தா, ஆறும்போது சுருங்கும். அதனால அப்படி எடுத்த நகல் கொஞ்சம் சின்னதா இருக்கும். எழுத்து விளிம்பு, கிரில் கோடு எல்லாம் மழுங்கியிருக்கும். வெர்னியர் காலிப்பரும் ஒரு பூதக்கண்ணாடியும் இருந்தா வீட்டிலேயே பார்க்கலாம். ஒரே ஒரு நிபந்தனை, பக்கத்துல நிச்சயமான ஒரிஜினல் ஒண்ணு வேணும். ஒப்பிடாம சும்மா உத்துப் பார்த்தா எல்லாமே ஒரிஜினலாத்தான் தெரியும்! அதோட, அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. நேர்மையான ரீப்ரோ தயாரிப்பாளர் தன் அடையாளத்தைப் போட்டிருப்பார். அடையாளம் இருந்த இடத்தைச் சுரண்டி வழவழன்னு ஆக்கியிருந்தா, எழுந்து வந்துடுங்க.

சக்கர அமைப்புக்கும் ஒரு காலக் கணக்கு இருக்கு. 1970-ல ரயில் தயாரிப்பு ஜெனரல் மில்ஸ் கைக்குப் போனப்போ, ஊசி முனை அச்சு வந்தது, வேகன் லேசாத் தள்ளினாலே சரசரன்னு ஓடும். '1955 வேகன்'னு சொல்லி அதுல ஊசி முனை அச்சு இருந்தா, யாரோ மாத்தியிருக்காங்க. திருகாணியோட பிளவு சிதைஞ்சிருந்தாலும் அப்படித்தான், வண்டியை யாரோ திறந்திருக்காங்க. திறந்தது தப்பில்லை, எதுக்குத் திறந்தாங்கன்னு கேட்கணும்.

பெயின்ட் விஷயத்துக்கு பிரபலமான உதாரணம் 1957-ல லயனல் பெண் குழந்தைகளுக்காக விட்ட ரோஸ் கலர் செட். அப்போ சரியா விக்கல, அதனாலேயே இப்போ அதுக்கு மவுசு. அதோட இன்ஜின் அடிப்படையில சாதாரணக் கறுப்பு 2037 தான். அப்புறம் என்ன, கறுப்பு 2037-க்கு ரோஸ் பெயின்ட் அடிச்சு விக்கறவங்களும் வந்தாங்க. பாடியைக் கழட்டி உள்பக்கம், திருகாணி ஓட்டை, பெயின்ட் பெயர்ந்த இடம் மூணையும் பாருங்க. அடியில கறுப்பு தெரிஞ்சா கேள்வி கேளுங்க. 1991-ல லயனலே அந்த செட்டைத் திரும்ப வெளியிட்டது. அதாவது கம்பெனி பேர் உண்மையா இருந்தாலும் வருஷம் வேறயா இருக்கலாம்.

கடைசியா அட்டைப்பெட்டி. காலிப் பெட்டிக்கே தனி விலை இருக்கறதால பெட்டியும் ரீப்ரோ வருது. இருட்டு அறையில யூவி டார்ச் அடிச்சா, வெண்மையூட்டி ரசாயனம் கலந்த காகிதம் நீலவெள்ளையா ஜொலிக்கும். இந்த ரசாயனம் காகிதத்துல பரவலா வந்தது 1950கள்ல இருந்துதான். அதனால 1930கள் பெட்டி ஜொலிச்சா அது வலுவான ஆதாரம். 1950கள் பெட்டி ஜொலிச்சா, ஒரிஜினல் பெட்டியோட ஒப்பிட்டுத்தான் சொல்லணும். எங்க பெட்டி டியூப்லைட் மாதிரி எரிஞ்சது. உள்மடிப்பைப் பிரிச்சா ரீப்ரொடக்‌ஷன்னு சின்ன எழுத்துல அதுவே சொல்லிடுச்சு. 600 டாலர் கொடுத்தவன் அதுவரை மடிப்பைப் பிரிச்சே பார்க்கலை.

கணக்கு

பென்சில்வேனியாவில யார்க்னு ஒரு ஊர். வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஏப்ரல்லயும் அக்டோபர்லயும், அங்கே பெரிய ரயில் சந்தை நடக்கும். அந்த சீனியர் உறுப்பினர், எங்களை விருந்தினரா கூட்டிட்டுப் போனார். நாலு மேசை தள்ளி ஒருத்தர்கிட்ட ஒரிஜினல் பச்சைக் கார் ஒண்ணு இருந்தது. பக்கத்துல வெச்சதும் முடிஞ்சுது: எங்களோடது பளபளப்பு அதிகம், பம்பர் விளிம்பு மழுங்கல். நாலுமே ரீப்ரோ.

அன்னைக்கு அந்த மேசைகள்ல நான் பார்த்த விலை இது. சரக்கு இல்லாத 6414 வேகன் 25 டாலர். ரீப்ரோ கார் ஒண்ணு 8, நாலுக்கு 32. ரீப்ரோ பெட்டி 12. மொத்தம் 69. அவன் கொடுத்தது 600.

டெலிவரி ஆகி அன்னைக்கு 23-வது நாள். அந்தத் தளத்துல புகார் கொடுக்க 30 நாள் டைம். உடனே விளம்பரத்தைத் திறந்து வரி வரியாப் படிச்சோம். 'ஒரிஜினல் 1950கள் வேகன், அரிய பச்சைக் கார்களுடன், பெட்டியில்'. நல்லாக் கவனிங்க. 'ஒரிஜினல்' எதுக்கு முன்னாடி வருது? வேகனுக்கு மட்டும். கார் 'அரிய பச்சை', அவ்வளவுதான். விற்பவர் பதிலும் அதேதான்: "வேகன் ஒரிஜினல்னுதான் சொன்னேன், கார்களைப் பத்தி எதுவும் சொல்லலையே." நாலு நாள் வாக்குவாதத்துக்கு அப்புறம் 200 டாலர் திருப்பிக் கொடுத்தார். 600-ல 200 போக 400. கையில இருக்கற பொருளோட மதிப்பு 69. நஷ்டம் 331 டாலர். வாங்கறதுக்கு முன்னாடி ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தா இந்த நஷ்டமே இல்லை.

அந்த மெசேஜ்ல என்ன எழுதணும்? 'ஒரிஜினலா?'னு மொட்டையாக் கேட்காதீங்க, 'ஆமா'னு மொட்டையா பதில் வரும். ஒவ்வொரு பாகத்தையும் பேர் சொல்லிக் கேளுங்க: வேகன் பாடி, சக்கரம், நாலு கார், பெட்டி, உள் அட்டை, இதுல எது ஒரிஜினல், எது ரீப்ரோ, எது உங்களுக்குத் தெரியாது? 'தெரியாது'ன்னு பதில் வந்தா அந்தப் பாகத்துக்கு ரீப்ரோ விலைதான் போடணும். பதில் அந்தத் தளத்தோட மெசேஜ் பாக்ஸ்லயே வரணும், வாட்ஸ்அப் வேண்டாம். விளம்பரத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்குங்க.

அமெரிக்காவில இருக்கற நம்ம சப்ஸ்கிரைபர்களுக்கு ஒரு வரி. அங்கே நீண்டகால லாபத்துக்கு ஷேர்ல அதிகபட்ச வரி விகிதம் 20%, ஆனா கலெக்டிபிள்னு வகைப்படுத்தற பொருளுக்கு 28% வரை போகும். சொந்த உபயோகத்துக்கு வாங்கின பொருள்ல நஷ்டம் வந்தா அதைக் கழிக்கவும் முடியாது. நண்பனோட 331 டாலருக்கு வரிச்சலுகை கிடையாது. உங்க சிபிஏ கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க, நான் இந்திய சிஏ.

அவன் சேகரிக்கறதை விடலை. போன மாசம் 3356 குதிரை வேகன் ஒண்ணு பார்த்தான். அதுல வேகனோட ஒரு பட்டியும் ஒன்பது கறுப்புக் குதிரைகளும் வரணும். இந்தத் தடவை குதிரை குதிரையா எண்ணி மெசேஜ் போட்டான். ஆறு குதிரை ஒரிஜினல், மூணு ரீப்ரோ, பட்டியோட ஒரு கதவு மாத்தினதுன்னு விற்பவர் எழுத்துல பதில் கொடுத்தார். 110 கேட்டதை 85-க்குப் பேசி வாங்கிட்டான். ரீப்ரோ குதிரை மூணுக்கும் அடியில சிவப்பு மார்க்கரால புள்ளி வெச்சிருக்கான்.