வினாவும் செப்பும்: நாடாளுமன்ற வினா நேர விடைகளில் இறை பயத்தலும் வாய்வாளாமையும்

ஆய்வுச் சுருக்கம்

விடையை வகைப்படுத்துவதில் தமிழ் இலக்கண மரபு நுட்பமான கருவிகளை உருவாக்கியுள்ளது. நேரடி விடையைச் செவ்வன் இறை என்றும், சுற்றிவந்து பொருள் தரும் விடையை இறை பயப்பது என்றும் உரையாசிரியர் பிரித்தனர். பாதுகாப்பு, பொதுக்கொள்கை ஆகியன பற்றிய வினாக்களுக்கு இந்திய நாடாளுமன்றத்தில் அமைச்சர்கள் அளித்த சில விடைகளை இப்பகுப்பின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது. மறைமுகமான விடை குற்றமன்று. வினவியவர் அதிலிருந்து விடையை உய்த்துணர முடியாதபோதே அது வழுவாகிறது என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: செப்பு, வினா, செவ்வன் இறை, இறை பயப்பது, இனமொழி, வாய்வாளாமை, வினா நேரம்.

முன்னுரை

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 75(3)ஆம் உறுப்பு, அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டுப் பொறுப்புடையது என்கிறது. அப்பொறுப்பு நாள்தோறும் சோதிக்கப்படும் இடம் வினா நேரம். இங்கு நிகழ்வது அரசியல் வினை மட்டுமன்று, மொழி வினையும் ஆகும். ஒருவர் வினவுகிறார்; மற்றவர் செப்புகிறார். செப்பியது வினவியதற்கு உரிய விடைதானா என்பதை அரசியலாளர் தத்தம் சார்புக்கேற்பத் தீர்மானிப்பர். இலக்கணமோ சார்பற்ற அளவுகோல் ஒன்றைத் தரவல்லது. அவ்வளவுகோலை இன்றைய ஆட்சிமொழிப் பனுவல்களின்மேல் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். எடுத்துக்கொண்ட சான்றுகள் 2016 முதல் 2021 வரையிலானவை. இவ்வகை விடைகள் எந்த ஒரு கட்சியின் ஆட்சிக்கும் தனியுரிமையானவை அல்ல. எனவே விடையின் அமைப்பே இங்கு ஆய்வுப்பொருளாகிறது.

1. மரபில் விடையின் இலக்கணம்

தொல்காப்பியச் சொல்லதிகாரக் கிளவியாக்கம், செப்பும் வினாவும் வழுவாமல் காக்கப்பட வேண்டும் என முதலில் விதிக்கிறது. அடுத்து இரண்டு அமைதிகளைத் தருகிறது. வினாவுக்கு எதிராக வரும் வினாவும் செப்பாகக் கொள்ளப்படும் என்பது ஒன்று. செப்பு வழுவினும், வினவிய பொருளோடு பொருந்திய சொல்லாக இருப்பின் அது நீக்கப்படாது என்பது மற்றொன்று. இந்த இரண்டாம் அமைதியில் உள்ள நிபந்தனையே நம் ஆய்வுக்கு அடிப்படை. வழுவலாம், ஆனால் பொருளை விட்டு விலகலாகாது.

சேனாவரையர் செப்பினைச் செவ்வன் இறை, இறை பயப்பது என இருவகையாக்கினார். உண்டாயா என வினவியவனுக்கு வயிற்றுநோயைச் சொல்வது இறை பயப்பது. உண்ணவில்லை என்ற சொல் அங்கு இல்லை. எனினும் கேட்டவன் அதனை ஐயமின்றி உணர்கிறான்.

பவணந்தி முனிவர் நன்னூலில் விடையைச் சுட்டு, மறை, நேர், ஏவல், வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என எட்டாக விரித்தார். முதல் மூன்றும் நேரடியானவை. பின்னைய ஐந்தும் விடைப்பொருளைப் பயத்தலால் விடையாக ஏற்கப்பட்டவை. அதாவது அவை ஏற்கப்பட்டது காரணத்தோடுதான். அக்காரணம் நீங்கின் ஏற்பும் நீங்கும்.

பௌத்த அளவை மரபைத் தமிழில் தரும் மணிமேகலையின் முப்பதாம் காதை வேறொரு நால்வகைப் பகுப்பைக் காட்டுகிறது. துணிந்து சொல்லல், கூறிட்டு மொழிதல், வினாவின் விடுத்தல், வாய்வாளாமை என்பன அவை. இவற்றுள் வாய்வாளாமை, விடை கூறாதிருத்தலையே ஒரு விடையாக ஏற்கிறது. ஆகாயப் பூவின் பழமை புதுமையை வினவுவோனிடம் வாளா இருத்தலே தக்கது என்பது அங்குள்ள விளக்கம்.

2. வினா நேரத்தின் அமைப்பு

இந்தியாவில் சட்டமன்ற உறுப்பினர் வினவும் உரிமை 1892ஆம் ஆண்டின் இந்தியக் கவுன்சில்கள் சட்டத்தால் வந்தது. துணைவினா எழுப்பும் உரிமை 1909ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தால், முதல் வினாவை எழுப்பியவருக்கு மட்டும் கிடைத்தது. இன்று மக்களவையில் நாளொன்றுக்கு நட்சத்திரக் குறியிட்ட வினாக்கள் 20, குறியிடாத வினாக்கள் 230 வரை இடம்பெறுகின்றன. முன்னவற்றுக்கு அமைச்சர் வாய்மொழியாக விடையளிப்பார், துணைவினாவும் எழுப்பலாம். பின்னவற்றுக்கு எழுத்து வடிவ விடை மட்டுமே உண்டு, துணைவினாவுக்கு இடமில்லை.

இவ்வேறுபாடு இலக்கண நோக்கில் முதன்மையானது. வாய்மொழி உரையாடலில் விடை இறை பயக்கவில்லை எனின், அடுத்த வினாவால் அக்குறையை நிரப்பலாம். எழுத்து விடையிலோ உரையாடல் அங்கேயே முடிகிறது. அரைமணி நேர விவாதம் போன்ற வாயில்கள் விதிகளில் உண்டு எனினும் அவை தனியே அனுமதி பெற வேண்டியவை. ஆகவே எழுத்து விடை தன்னளவில் நிறைவுடையதாக இருத்தல் வேண்டும். 2020 செப்டம்பரில் பெருந்தொற்றுக் காலக் கூட்டத்தொடரில் வினா நேரம் கைவிடப்பட்டு, எழுத்து விடைகள் மட்டுமே அளிக்கப்பட்டன. அன்று இழக்கப்பட்டது ஒரு மணி நேரம் என்பதினும், துணைவினா என்னும் உரையாடற் கூறு என்பதே பொருந்தும்.

3. மறை விடையும் அதன் எல்லையும்

இல்லை எனும் மறை விடை செவ்வன் இறையைச் சார்ந்தது. ஆயினும் எதனை அது மறுக்கிறது என்பதில் நுட்பம் உள்ளது.

2021 ஜூலை 20 அன்று, கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜன் பற்றாக்குறையால் நேர்ந்த இறப்புகள் பற்றி மாநிலங்களவையில் எழுந்த வினாவுக்குச் சுகாதாரத் துறை இணையமைச்சர் பாரதி பிரவீன் பவார் எழுத்து வடிவில் விடையளித்தார். மருத்துவம் மாநிலப் பொருள் என்றும், ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறப்பு நேர்ந்ததாக மாநிலங்களும் ஒன்றியப் பகுதிகளும் குறிப்பாகத் தெரிவிக்கவில்லை என்றும் அவ்விடை அமைந்தது. வினாவின் பயனிலை 'இறந்தனரா' என்பது. விடையின் பயனிலை 'தெரிவிக்கப்படவில்லை' என்பது. மறைப்பொருள் இறத்தல் என்னும் வினையை விட்டுத் தெரிவித்தல் என்னும் வினைக்கு இடம்பெயர்ந்துள்ளது. தெரிவிக்கப்படவில்லை என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் இறந்தனரா இல்லையா என்பது அதிலிருந்து பெறப்படாது. உறவினரை இழந்தோர் இவ்விடையைக் கேட்டு அதிர்ந்தமைக்கு இவ்விடப்பெயர்ச்சியும் ஒரு காரணம்: அவர்கள் செவியில் அது 'இறக்கவில்லை' என்றே விழுந்தது.

இரண்டாம் சான்று எழுவாய் பற்றியது. பெகாசஸ் மென்பொருளை உருவாக்கிய என்.எஸ்.ஓ. நிறுவனத்தோடு அரசு பரிவர்த்தனை எதுவும் மேற்கொண்டதா என வினவப்பட்டபோது, 2021 ஆகஸ்ட் 9 அன்று பாதுகாப்புத் துறை இணையமைச்சர் அஜய் பட், பாதுகாப்பு அமைச்சகம் அந்நிறுவனத்தோடு பரிவர்த்தனை எதுவும் மேற்கொள்ளவில்லை என மாநிலங்களவையில் எழுத்து வடிவில் விடையளித்தார். வினாவின் எழுவாய் அரசு. விடையின் எழுவாய் ஓர் அமைச்சகம். ஒவ்வோர் அமைச்சகமும் தன் பொருளுக்கே விடை கூறும் என்னும் நடைமுறை இச்சுருக்கத்துக்கு நியாயம் தரலாம். எனினும் முழுமையை வினவ உறுப்பை மறுப்பது, எஞ்சிய உறுப்புகளைப் பற்றி ஒன்றும் பயவாது.

4. இனமொழி விடை

ஆடுவாயா என்பார்க்குப் பாடுவேன் என்பது இனமொழி விடை. அது விடையாவது, ஆடேன் என்னும் குறிப்பு அதில் தெளிவாகப் புலப்படுவதால்தான்.

2019 நவம்பர் 19 அன்று மக்களவையில் தயாநிதி மாறன், வாட்ஸ்அப் அழைப்புகளையும் செய்திகளையும் அரசு இடைமறித்துக் கேட்கிறதா, பெகாசஸ் மென்பொருளைப் பயன்படுத்துகிறதா என வினவினார். உள்துறை இணையமைச்சர் ஜி.கிஷன் ரெட்டியின் எழுத்து விடை, 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஆம் பிரிவும் 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் 5ஆம் பிரிவும் இடைமறிப்புக்கு அளிக்கும் அதிகாரத்தையும் அதற்குரிய நெறிமுறைகளையும் எடுத்துரைத்தது.

வினா செயலைப் பற்றியது. விடை அதிகாரத்தைப் பற்றியது. இரண்டும் ஓரினப் பொருள்களே. ஆயினும் பாடுவேன் என்பது ஆடேன் என்பதைப் பயந்ததுபோல, 'அதிகாரம் உண்டு' என்பது 'பயன்படுத்தினோம்' என்பதையோ 'பயன்படுத்தவில்லை' என்பதையோ பயக்கவில்லை. படிப்பவர் இரண்டில் எதனையும் துணிய இயலாது. இனமொழியின் வடிவம் இருந்தும் பயன் இல்லாத விடை இது. தொல்காப்பியம் கூறும் பொருட்பொருத்தத்தின் மேற்புறம் மட்டுமே இதில் உள்ளது.

5. உறுவது கூறல்

தகவல் திரட்டப்பட்டு வருகிறது, பின்னர் அவையில் வைக்கப்படும் என்பது நாடாளுமன்றத்தில் அடிக்கடி கேட்கும் வாய்பாடு. இது உறுவது கூறல் வகை. இங்கு அவையே ஓர் இலக்கணப் பணியைச் செய்துள்ளது. மக்களவையின் அரசு உறுதிமொழிக் குழு 1953இல் அமைக்கப்பட்டது. எத்தகைய தொடர்கள் உறுதிமொழியாகக் கருதப்படும் என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு. பொருள் ஆய்வில் உள்ளது என்பது போன்ற தொடர்களும் அதில் அடங்கும். உறுதிமொழியை நிறைவேற்ற மூன்று மாதக் காலவரையறையும் உண்டு. எதிர்காலத்தைச் சுட்டி நழுவும் விடையை, பின்னர் இறை பயக்கக் கடப்பாடுடைய விடையாக இவ்வேற்பாடு மாற்றுகிறது. ஏனைய மறைமுக விடைகளுக்கு இத்தகைய காப்பு இல்லை என்பது கருதத்தக்கது.

6. வாய்வாளாமையும் இரகசியமும்

பாதுகாப்புப் பொருளில் மறைக்க வேண்டுவன உண்டு. இயல்பிலேயே இரகசியமான பொருள்களை வினவலாகாது என மக்களவை நடைமுறை விதிகளே கூறுகின்றன. வினா எழுப்புவோர் இதனை அறிவர். எனவே வாய்வாளாமை முற்றிலும் தள்ளத்தக்கதன்று. ஆனால் மணிமேகலை கூறும் வாய்வாளாமை பொருளற்ற வினாவுக்கு உரியது. ஆகாயப் பூ இல்லை. ஆகவே அதன் பழமைக்கு விடையும் இல்லை. பாதுகாப்பு வினாவில் பொருள் உண்டு, விடையும் உண்டு, சொல்லாமையே உள்ளது. இவ்விரு மௌனங்களையும் ஒன்றாக்குதல் பிழை.

ரஃபேல் போர்விமானம் பற்றிய விடைகள் இதனை விளக்கும். 36 விமானங்களுக்கான இந்திய–பிரெஞ்சு அரசுகளின் உடன்பாடு 2016 செப்டம்பர் 23 அன்று கையெழுத்தானது. அதே ஆண்டு நவம்பரில் பாதுகாப்புத் துறை இணையமைச்சர் சுபாஷ் பாம்ரே, விமானம் ஒன்றின் விலை ஏறத்தாழ 670 கோடி ரூபாய் என மக்களவையில் தெரிவித்தார். இது சுட்டு விடை. 2018 பிப்ரவரியில் விலை விவரம் மாநிலங்களவையில் வினவப்பட்டபோது, பாதுகாப்புத் துறை அமைச்சர் நிர்மலா சீதாராமன், உடன்பாட்டின் 10ஆம் பிரிவையும் இருநாடுகளுக்கிடையே 2008இல் ஏற்பட்ட பாதுகாப்பு ஒப்பந்தத்தையும் காட்டி விவரம் வெளியிட மறுத்தார். அடுத்த மாதமே, ஆயுதங்களும் இந்தியாவுக்கெனச் செய்யப்படும் மேம்பாடுகளும் பராமரிப்பும் நீங்கலாக விலை ஏறத்தாழ 670 கோடி எனும் விடை மீண்டும் அவைக்கு வந்தது.

இம்மூன்று விடைகளுள் மூன்றாவதே இலக்கண நோக்கில் சிறந்தது. அது கூறிட்டு மொழிதல். எது சொல்லத்தக்கது, எது நீக்கப்பட்டது என்று விடையே பிரித்துக் காட்டுகிறது. இரண்டாவதும் மறுப்பை மறுப்பெனவே காரணத்தோடு கூறியமையின் நேர்மையுடையது. ஆயினும் முன்னரே சொல்லப்பட்ட பகுதியையும் இரகசியத்துள் அடக்கியமையால் ஐயத்தை விளைத்தது. மறைக்கும் உரிமை மறைபொருளின் அளவே விரிய வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன. முதலாவது, எழுவாயையும் பயனிலையையும் மாற்றி மறுக்கும் விடை, மறை வடிவில் இருப்பினும் செவ்வன் இறை ஆகாது. இரண்டாவது, இனமொழி போன்ற மறைமுக விடைகளை மரபு ஏற்றது அவை இறை பயப்பதனால். பயவாதபோது மரபின் ஏற்பை அவை இழக்கின்றன. மூன்றாவது, இரகசியம் கருதிய மறுப்பு வாய்வாளாமையாக நின்றுவிடாமல், எது மறைக்கப்படுகிறது, எதனால் மறைக்கப்படுகிறது எனக் கூறிட்டு மொழிதல் வேண்டும்.

நன்னூலின் எண்வகை விடை இன்று பெரும்பாலும் தேர்வுக்கு மனனம் செய்யும் பட்டியலாகச் சுருங்கியுள்ளது. சட்டமன்ற, நாடாளுமன்ற நடவடிக்கைக் குறிப்புகளோ யாவரும் படிக்கக் கிடைப்பவை, அளவிலும் பெரியவை. அவற்றை மரபிலக்கணக் கண்கொண்டு ஆராய்வது, ஆள்வோரின் விடையை மக்கள் எடைபோடத் துணைசெய்யும். தமிழகச் சட்டமன்றத்தின் தமிழ் விடைகள் இவ்வாய்வின் அடுத்த களமாக அமையலாம்.