தங்கவயல் தரும் மேற்பார்வைப் பாடம்

முதுகலைப் படிப்பை முடித்து வெளியேறும் நம்மில் சிலர் ஆராய்ச்சிக்குச் செல்வர். பெரும்பாலோர் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் இளநிலை அதிகாரிகளாக அமர்வர். அமர்ந்த முதல் நாளே, தந்தையார் வயதை ஒத்த ஒருவருக்கும், நம் மொழி அறியாத பத்துப் பேருக்கும் வேலை சொல்ல வேண்டியிருக்கும். அதற்குரிய பாடம் இயற்பியல் பாடத்திட்டத்தில் இல்லை. நான் அதனைக் கோலார் தங்கவயலின் வரலாற்றில் தேடினேன். என் பாட்டனார் அங்கே நிலத்தடியில் உழைத்தவர் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

1880ஆம் ஆண்டு முதற்கொண்டு ஆங்கிலேய நிறுவனத்தின் கையில் வளர்ந்து, 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டவை அச்சுரங்கங்கள். வட ஆர்க்காட்டுத் தமிழர், சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்கர், கன்னடர், ஆங்கிலோ இந்தியர், காவல் பணிக்கு வந்த பஞ்சாபியர், இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிச் சுரங்க வல்லுநர் என்று பலரும் அங்கே ஒன்றாக வேலை செய்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் உடையது. அவ்வளவு ஆழத்தில் ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டால் உயிர் போகும். அப்படியானால் இத்தனை மொழியினரும் எம்மொழியில் பேசிக்கொண்டனர்?

மிகவும் ஆபத்தான இடத்தில் அவர்கள் பேசவே இல்லை, மணி அடித்தனர். ஆட்களை இறக்கும் கூண்டை மேலிருந்து இயக்குபவருக்குக் கீழே நடப்பது தெரியாது. ஓடும் கூண்டை நிறுத்த ஒரு மணி. ஆட்கள் ஏறப்போகின்றனர் என்பதற்கு மூன்று மணி. உலகின் பல சுரங்கங்களில் இதே வழக்கம் உண்டு. கீழிருந்து வந்த மணியை மேலிருப்பவர் திருப்பி அடித்துக் காட்டிய பின்னரே கூண்டு அசையும். என்னைக் கவர்ந்தது இந்தத் திருப்பி அடித்தல்தான். "புரிந்ததா?" என்று கேட்டால் எம்மொழிக்காரரும் தலையாட்டுவர். "என்ன புரிந்தது என்று சொல்லுங்கள்" என்று கேட்டால்தான் உண்மை வெளிப்படும்.

இனி வயது வேறுபாட்டுக்கு வருவோம். வேலைக்கு இறங்குமுன் மேற்கூரைப் பாறையைக் கடப்பாரையால் தட்டிப் பார்ப்பது சுரங்க வழக்கம். உறுதியான பாறை கணீரென ஒலிக்கும். பிளந்து நிற்கும் பாறை தனித்தகடுபோல் அதிர்வதால் பொத்தென ஒலிக்கும். காரணத்தை நாம் ஏட்டில் எழுதிவிடலாம். வேறுபாட்டைக் காதால் அறியப் பல ஆண்டுகள் வேண்டும். என் பாட்டனாரின் பகுதிக்குப் புதிதாக வந்த இளம் பொறியாளர் ஒருவர் கடப்பாரையை அவரிடமே நீட்டி, "நீங்க தட்டுங்க பெரியவரே, நான் கேக்கறேன்" என்றாராம். புதிதாகச் சேர்ந்த இரு பையன்களையும் அருகே நிறுத்திக் கேட்கச் செய்தாராம். அதன்பின் அவர் சொல்லுக்கு அப்பகுதியில் மறுபேச்சு இருந்ததில்லை.

ஆயினும் அவரே ஒருநாள், பாட்டனார் "பரவாயில்லை" என்ற இடத்தில் வேலையை நிறுத்திவிட்டார். பாறை விழவில்லை. "நான் சொன்னதுதான் சரி" என்று பாட்டனார் இன்றும் சாதிப்பார். எனக்கென்னவோ அப்பொறியாளர் செய்ததே முறை என்று தோன்றுகிறது. அழுத்தத்தால் திடீரெனச் சிதறும் பாறைவெடிப்பைத் தட்டிப் பார்த்து அறிய இயலாது. அனுபவத்தைக் கேட்பது மேற்பார்வையாளரின் கடமை; முடிவுக்குப் பொறுப்பு அவருடையதே.

ஆணை ஒன்றுதான், பெறுபவர் காதில் அது எப்பொருள் தருகிறது? 1930இல் தங்கவயல் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். புதிய பதிவு முறையில் கைரேகை எடுக்க முற்பட்டதே அதற்குக் காரணம். நிர்வாகத்துக்கு அது ஆளை அடையாளம் காணும் ஏற்பாடு. தொழிலாளிக்கோ, கைரேகை என்றால் குற்றவாளியின் அடையாளம்! நடுவில் மேஸ்திரிகள் இருந்தனர். ஆனால் மேஸ்திரி வழியாகக் கட்டளை கீழே இறங்கிய வேகத்தில் கருத்து மேலே ஏறுவதில்லை. கீழே என்ன நினைக்கின்றனர் என்பதை மேலே சொல்பவருக்கு அச்சம் இல்லாதிருக்க வேண்டும். அதற்கு வகை செய்யாத மேற்பார்வை, என் கருத்தில், பாதி மேற்பார்வையே.

அறிவியல் மாணவருக்கு ஒரு செய்தியை இடையில் சொல்லிவிடுகிறேன். காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களின் அடையாளம் 1965இல் இச்சுரங்கத்தில், ஏறத்தாழ 2,300 மீட்டர் ஆழத்தில், கண்டறியப்பட்டது. பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாருடன் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து உழைத்தனர். அவ்வறிஞர்களும் சுரங்க மணிக்குக் கட்டுப்பட்டே இறங்க வேண்டியிருந்தது.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளர் அறிந்த ஒரு மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. நல்ல விதி. ஆனால் பெரும்பான்மையில் சேராதவன் என்ன செய்வான்? திருப்பூர் ஆலைக்குப் புதிதாக வந்திறங்கும் ஒடிசாவின் பழங்குடி இளைஞனுக்குச் சுவரிலுள்ள தமிழும் எட்டாது, ஆங்கிலமும் எட்டாது. அவன் ஊர்க்காரன் ஒருவன் மூன்று ஆண்டுக்கு முன்பே வந்து அதே ஆலையில் இருப்பான். அவனைக் கேட்டுத்தான் இவன் இயந்திரத்தைத் தொடுகிறான். மேற்பார்வையாளர் அந்த மூத்தவனை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்து, கற்றுக்கொடுக்கும் நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கில் எழுதிக் கூலி தரவேண்டும்.