வீட்டு வாசலில் ஓர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்

(மூன்றாமாண்டு ஆட்டோமொபைல் மாணவன்)



'டார்க் கன்வெர்ட்டர் படம் வரைந்து பாகங்களைக் குறிக்க' என்று தேர்வில் கேட்டால் நாம் எல்லோரும் எழுதிவிடுவோம். அதையே கையில் பிடித்து மாட்டும்போதுதான் படத்தில் வராத ஒன்று தெரிகிறது. சென்ற விடுமுறையில் நான் கற்ற அந்தப் பாடத்தை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில், செங்கம் சாலையை விட்டுச் சற்று உள்ளே இருக்கிறது. அப்பா கார் மெக்கானிக். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அம்பாசடர் கியர்பாக்ஸைக் கண்ணை மூடிக்கொண்டு இறக்கி ஏற்றுவார். ஆனால் அம்பாசடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. கிளட்ச் இல்லாத வண்டி வந்தால், "நமக்கு வேணாம்பா" என்று அனுப்பிவிடுவார்.

அப்படி அனுப்ப முடியாமல் ஒரு கார் வந்தது. பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் வயதான அம்மா ஒருவருடையது. இடது முழங்காலில் ஆபரேஷன் ஆனவர், கிளட்ச் மிதிக்க முடியாது. 'டி'-யில் போட்டால் இஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. ஆயில் அளவு சரி, கேபிளும் சரி. ஆனால் ஆயில் கருத்துத் தீய்ந்த வாடை அடித்தது.

"நீ படிக்கிறியே, உன்னால முடியுமாடா?" என்றார் அப்பா. வேலை விஷயமாக அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. சென்னை புதுப்பேட்டையில் அதே மாடலின் பழைய கியர்பாக்ஸைக் கன்வெர்ட்டரோடு வாங்கி வந்தார். அந்தப் பணம் என் செமஸ்டர் ஃபீஸுக்கு வைத்திருந்தது. வண்டி ஓடினால்தான் திரும்பி வரும்.

தத்துவம்

இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை ஓடவிட்டால், அந்தக் காற்றில் மற்றதும் சுற்றும். காற்றுக்குப் பதில் ஆயில் என்றால் அதுதான் கன்வெர்ட்டர். 1905-ல் ஹெர்மன் ஃபெட்டிங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் கப்பலுக்காகக் காப்புரிமை பெற்ற தத்துவம் இது. நம் நாட்டில் 2014-க்குப் பின் பரவிய ஏ.எம்.டி. வண்டிகளில் கன்வெர்ட்டர் கிடையாது; சாதாரண கிளட்ச்தான் தானாக இயங்குகிறது. எனவே எந்த வகை என்று முதலில் பாருங்கள்.

கழற்றும் வரிசை

1. பாட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் எடுக்கவும்.
2. ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. சமதளத்தில் ஸ்டாண்டு கொடுத்தே படுக்கவும்.
3. ஆயிலை வடித்து, கூலர் ஹோஸ், கேபிள், வயர் சாக்கெட், ஸ்டார்ட்டர் மோட்டார், இரண்டு டிரைவ் ஷாஃப்ட் ஆகியவற்றைக் கழற்றவும்.
4. கன்வெர்ட்டரை ஃப்ளெக்ஸ் பிளேட்டோடு பிடிக்கும் போல்ட்டுகளை, இஞ்சினைக் கையால் சுற்றிச் சுற்றி ஒவ்வொன்றாக எடுக்கவும்.
5. இஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் தனித்தனியே தாங்கல் கொடுத்த பிறகே மவுண்டிங்கையும், கடைசியாக ஹவுசிங் போல்ட்டுகளையும் எடுக்கவும். கன்வெர்ட்டர் கியர்பாக்ஸோடு சேர்ந்தே வரவேண்டும்.

அப்பா ஓர் அட்டையில் கியர்பாக்ஸ் வடிவத்தை வரைந்து, எந்த போல்ட் எந்த இடமோ அங்கேயே குத்தி வைத்தார். இது எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் பார்க்காதது.

மாட்டும்போது

பழைய கூலரில் இரும்புத் தூள் தங்கியிருக்கும். கழுவாமல் விட்டால் புது கியர்பாக்ஸும் போய்விடும். அதை முடித்து, கன்வெர்ட்டரைச் சுற்றிச் சுற்றி உள்ளே தள்ளினோம். அது மூன்று இடத்தில் பொருந்தவேண்டும்: இன்புட் ஷாஃப்ட், ஸ்டேட்டர் ஷாஃப்ட், ஆயில் பம்ப். 'டக்', 'டக்' என்று இரண்டு முறை இறங்கியது. "போதும்பா" என்று சொன்னவன் நான்தான்.

தூக்கி வைத்தால் இஞ்சினுக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே விரல் கனம் இடைவெளி. அப்பா ஸ்பானரை எடுத்தார்.

"போல்ட்டப் போட்டு இழுத்தா வந்துடும்டா."

"வேணாம்பா."

"இருபது வருஷமா இப்படித்தான்டா மாட்டுறேன்."

எனக்குக் கை நடுங்கியது. இதுவரை அப்பாவை எதிர்த்துப் பேசியதில்லை. "கன்வெர்ட்டர் பம்புல இறங்கலப்பா. இழுத்தா பம்ப் நொறுங்கிடும், வாங்கின காசு அதோட போச்சு" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு ஸ்பானரைக் கீழே வைத்தார்.

மறுபடி இறக்கினோம். நான் எவ்வளவு சுற்றியும் அது இறங்கவில்லை. அப்பா உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, மெல்லத் திருப்பினார். மூன்றாவது 'டக்' கேட்டது.

இம்முறை ஹவுசிங் கையாலேயே ஒட்டியது. கன்வெர்ட்டர் தடையில்லாமல் சுற்றியது. அதற்கும் ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி இருந்தது. இதுதான் சரியான அடையாளம். இது தெரியாமல் ஒரு போல்ட்டைக்கூட முறுக்காதீர்கள்.

மேனுவலில் சொன்ன ஆயிலையே ஊற்றி, இஞ்சின் ஓடும்போதே எல்லா கியருக்கும் லீவரை மாற்றி, சூடானபின் டிப்ஸ்டிக்கில் அளவு பார்த்தோம். அந்த அம்மா தானே ஓட்டிக்கொண்டு செங்கம் சாலை வரை போய்வந்தார்.

முடிவுரை

ஏன் இழுக்கக் கூடாது என்பது படிப்பால் எனக்குத் தெரிந்தது. எங்கே பொருந்தும் என்பது அப்பாவின் கைக்குத் தெரிந்தது. ஒன்றில்லாமல் மற்றது போயிருந்தால், இந்த செமஸ்டரில் நான் உங்களோடு உட்கார்ந்திருக்க மாட்டேன். இப்போது ஷெட் சுவரில் சாக்பீஸால் மூன்று கோடுகள் இருக்கின்றன. போட்டவர் அப்பா. ஆட்டோமேட்டிக் வண்டி வந்தால் இனி திருப்பி அனுப்புவதில்லை.