இரப்போர் முகமும் ஈவோர் மனமும்

மாலை நேரம். தூத்துக்குடி மில்லர்புரத்தில் பேருந்துக்காகக் காத்திருக்கும் மாணவர் ஒருவரிடம், தோளில் துணிப்பை தொங்க, முன்பின் அறியாத பெரியவர் ஒருவர் வருகிறார். "தம்பி, பணத்தைத் தொலைத்துவிட்டேன். ஊருக்குப் போக நூறு ரூபாய் கொடுத்தால் புண்ணியமாகப் போகும்" என்கிறார். கை சட்டைப்பையை நாடுகிறது, 'பொய்யாக இருந்தால்?' என மனம் தடுக்கிறது. முடிவெடுக்கக் கிடைப்பதோ அரை நிமிடம். அதற்குள் அவர் சொல்வது மெய்யா பொய்யா எனக் கண்டறிய எவராலும் இயலாது.

இந்தத் தடுமாற்றம் தமிழுக்குப் புதிதன்று. வல்வில் ஓரியைப் பாடிய கழைதின் யானையார், இரத்தல் இழிவானது என்றார். இரந்தவர்க்கு இல்லையென மறுத்தல் அதனினும் இழிவானது என்றார். வள்ளுவர் ஈகையை அறத்துப்பாலில் வைத்தார். இரவு, இரவச்சம் என்னும் அதிகாரங்களைப் பொருட்பாலில் அடுத்தடுத்து வைத்தார். முன்னதில், ஒளிக்காமல் கொடுப்பவரிடம் இரப்பதில் இழுக்கில்லை என்கிறார். பின்னதிலோ, பசுவுக்குத் தண்ணீர் வேண்டுமென்று இரப்பதும் நாவுக்கு இழிவே என்கிறார். முரண்போலத் தோன்றும் இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால் ஓர் உண்மை புலப்படும். கேட்பவர் கேட்பதற்கு முன்பே தம் மானத்தில் ஒரு பங்கை இழந்துவிட்டார். பொய்யராயினும் மெய்யராயினும், மறுப்பவர் அதன்மேல் வசையையும் சேர்க்க வேண்டியதில்லை.

சங்ககாலப் புலவரும் பாணரும் அறியாத ஊர்களுக்குச் சென்று பரிசில் கேட்டவர்களே. பரிசில் பெற்றவர் பெறாதவரை எதிர்ப்பட்டு வழிகாட்டும் ஆற்றுப்படை, அவ்வாறு பிறந்த இலக்கிய வகை. அங்கே கேட்பவருக்கு வழிகாட்ட ஒருவர் இருந்தார். பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் பெரியவருக்கு அத்தகையவர் எவருமில்லை.

தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தை அடுத்த ஆலங்கிணற்றைச் சேர்ந்த பூல்பாண்டியன் என்னும் முதியவர் யாசகம் பெற்று வாழ்பவர். 2020ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கின்போது மதுரையில் தங்கியிருந்த அவர், தமக்குக் கிடைத்த பணத்தில் 10,000 ரூபாயை மே மாதத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நிவாரண நிதிக்காக அளித்தார். பின்னும் பலமுறை வந்தார். ஆகஸ்டு மாதத்திற்குள் அவர் அளித்த தொகை 90,000 ரூபாயை எட்டியது. மாவட்ட நிருவாகம் அவருக்கு விருது வழங்கிச் சிறப்பித்தது. அவர் கையில் நாணயம் இட்டவர்களுக்கு, அது எங்கே போய்ச் சேரும் என்பது தெரிந்திருக்க வழியில்லை. கையேந்துவோர் அனைவரும் பூல்பாண்டியன் ஆகார். ஆக வேண்டும் என்றும் இல்லை. பசித்தவருக்குச் சோறு பெற, பசி ஒன்றே போதிய தகுதி.

ஆயினும் ஆராயாமல் ஈவது எப்போதும் நன்மையாய் முடிவதில்லை. கைக்குழந்தையைக் காட்டியோ சிறுவரை அனுப்பியோ கேட்கப்படும் பணம் பெரும்பாலும் அக்குழந்தைகளிடம் தங்குவதில்லை. அங்கே நாணயத்தைவிட 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணுக்கு ஓர் அழைப்பே பயன் தரும். 'உடனே அனுப்பு, எவரிடமும் சொல்லாதே' எனத் தொலைபேசியில் அவசரப்படுத்தும் குரலை நம்பலாகாது. ஏமாந்தவர் 1930 என்ற எண்ணில் முறையிடலாம். நேரில் நிற்பவரிடமோ, "சாப்பிட்டீர்களா? எந்த ஊர்?" என்று கேட்க இடமுண்டு. பயணச்சீட்டு எடுத்துக் கொடுக்கலாம். கடையில் இரண்டு இட்டலி வாங்கித் தரலாம். ஒன்றும் இயலாதபோது, முகம் பார்த்து "இல்லை ஐயா" எனலாம்.

சட்டமும் இவ்வினாவில் தடுமாறியிருக்கிறது. பிச்சையெடுப்பதைக் குற்றமாக்கிய சட்டம் சென்னை மாகாணத்தில் 1945இல் வந்தது. 2018இல் தில்லி உயர்நீதிமன்றம், தில்லியில் நடைமுறையிலிருந்த அத்தகைய சட்டப் பிரிவுகளைச் செல்லாதவை என்றது. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குமாறு மன்னனிடம் வேண்டிய மணிமேகலை அத்தீர்ப்பைக் கேட்டு வியந்திருக்க மாட்டாள்.

கேட்கும் நிலை எவருக்கும் வரலாம். 1906இல் தூத்துக்குடியில் சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியவர், 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்திற்குத் துணைநின்றவர் வ.உ.சிதம்பரனார். 1912 டிசம்பரில் சிறையிலிருந்து வெளிவந்தபோது அவரிடம் கப்பலும் இல்லை, வழக்கறிஞர் தொழிலும் இல்லை. தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியர், அவர்களுள் பலர் அவர் முகத்தையே பாராதவர், அவருக்கெனப் பணம் திரட்டினர். காந்தியடிகள் வழியாக அது வரவேண்டியிருந்தது. 1915இல் இருவரிடையே கடிதங்கள் தொடங்கின. தமக்கென்றே தரப்பட்ட பணத்திற்காக, கப்பல் விட்ட அந்தக் கை மீண்டும் மீண்டும் கடிதம் எழுத நேர்ந்தது. 347 ரூபாய் 12 அணா அவரை வந்தடைந்தபோது 1916 பிறந்துவிட்டது. கொடுத்தவர் மனத்தில் ஐயமில்லை, கொடையும் சிறிதன்று. ஆனால் அது வந்து சேரும் வரை வாடகையும் அரிசியும் காத்திருக்கவில்லை.

வ.உ.சி. 1936 நவம்பர் 18இல் தூத்துக்குடியில் மறைந்தார். அவர் எழுதிவைத்த உயிலில், துணிக்கடைக்கும் எண்ணெய்க்கடைக்கும் தாம் தரவேண்டிய சில்லறைக் கடன்கள்கூடக் குறிக்கப்பட்டிருந்தன.