விருந்தும் பந்தி மரபும்

‘விருந்து’ என்னும் சொல்லின் பழம்பொருள் புதுமை என்பதாகும். புதியராய் வந்தோரைக் குறித்த அச்சொல், பின்னர் அவர்க்கு இடும் உணவுக்கும் பெயராயிற்று. ஆனி முதல் ஆவணி வரை சாரல் நாடிக் குற்றாலம் வருவோர் யாவரும் தென்காசிச் சீமைக்கு விருந்தினரே. சென்ற இடத்துப் பந்தி மரபை அறிந்து ஒழுகுதல் விருந்தினரின் கடமையாகும்.

வாழையிலையின் நுனி உண்பவரின் இடப்பக்கம் அமைதல் வேண்டும். உண்டபின் இலையைத் தம்மை நோக்கி மடிப்பது மங்கல வழக்கு. எதிர்ப்புறமாக மடிப்பது துக்க வீட்டிற்குரியது என்பர். கடல் கடந்த ஜப்பானிலும் இதற்கு ஒப்பான வழக்கு உண்டு. அந்நாட்டார் உண்ணும் குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாக நட்டுவைப்பதில்லை. இறந்தோர்க்குப் படைக்கும் சோற்றுக்கே அது உரியது.

தமிழக முஸ்லிம்களின் ‘சஹன்’ விருந்தில் சிலர் சேர்ந்து ஒரே தாலத்தில் உண்பர். செல்வரும் வறியவரும் அங்கு அருகருகே அமர்வர். இறைவன் பெயர் கூறி, வலக்கையால், தம் முன்னுள்ள பகுதியிலிருந்தே உண்ணுதல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்த ஒழுங்காகும். அருகிருப்பவரின் பங்கிற்குக் கை நீளாதபோதே அப்பந்தியில் சமத்துவம் நிலைக்கும்.

இலை, குச்சி, தாலம் என முறைகள் வேறுபடினும் உடனுண்பவர் மனம் நோகாமை ஒன்றே அவற்றின் நோக்கம். மாணவச் செல்வங்கள் இதனை உளங்கொள்வார்களாக.