கடலோரக் கிணறுகளில் உவர்நீர் ஏறாது காத்தல்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணற்பாங்கான நிலத்தில் செட்டிபாளையம் அமைந்துள்ளது. இத்தகைய நிலத்தில் ஆழமில்லாத கிணறு நன்னீர் தர, அதனையே மேலும் ஆழமாக்கினால் உவர்நீர் தோன்றுவது ஏன்?

மாரி மழைநீர் மணலினூடே இறங்கி நிலத்தடியில் தங்குகிறது. கடல்நீர் நன்னீரிலும் நாற்பதில் ஒரு பங்களவு பாரம் கூடியது. ஆதலால் நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், மணற்படை ஆழமாயிருப்பின், கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருக்கும். ஒல்லாந்தரான கைபன் 1888ஆம் ஆண்டிலும், ஜேர்மானியரான ஹேர்ஸ்பேர்க் 1901ஆம் ஆண்டிலும் இதனை விளக்கினர்.

இக்கணக்கு எச்சரிக்கையுமாகும். வலுமிக்க இயந்திரத்தால் விரைந்து இறைத்தால், நீர்மட்டம் சிறிது தாழ்ந்தாலும் கீழுள்ள உவர்நீர் கூம்புபோல் மேலெழும். அந்நீரைப் பாய்ச்சினால் வெங்காயமும் அவரையும் முதலில் வாடும்.

2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையோரக் கிணறுகளை உவராக்கியது. அவற்றை மீண்டும் மீண்டும் இறைத்தமை எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. பின்வந்த மாரி மழையே உப்பைக் கழுவியது.

எண்ணெய்க் கிணறுகளிலும் இதையொத்த தொல்லை உண்டு. எண்ணெயின் கீழுள்ள நீர் மேலேறும். அங்கு சிலிக்காவின் நானோ துகள்கள் கலந்த திரவத்தைச் செலுத்துவதுண்டு. அது களிபோல் உறைந்து பாறைத் துளைகளை அடைக்கும். ஒரு நானோமீற்றர் என்பது மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. தோட்டக் கிணற்றுக்கு இம்முறை ஏற்றதன்று. நன்னீர் ஊறும் வழியும் அடைபடக்கூடும், அடைபட்டதை மீளத் திறத்தல் அரிது.

கமக்காரர் கைக்கொள்ளத்தக்க முறைகள் பின்வருவன:

1. கிணற்றை ஆழமாக்காது அகலமாக்குக.

2. சிறிய இயந்திரத்தால் மெதுவாக, இடைவிட்டு இறைக்குக.

3. ஒரே கிணற்றில் மிகுதியாக இறைக்காது, தேவையைப் பல கிணறுகளுக்குப் பகிர்க.

4. காலையிலும் மாலையிலும் நீர் பாய்ச்சி, பாத்திகளைச் சருகினால் மூடுக.

5. மழைநீர் தேங்கும் பள்ளங்களை நிரப்பாதீர், மணலை அகழாதீர்.

6. கோடையில் நீர் கரிக்கத் தொடங்கின், உடனே இறைப்பைக் குறைக்குக.

அயற்கிணறுகள் யாவும் ஒரே நன்னீர்ப் படையில் ஊறுவன. ஒருவர் அளவின்றி இறைப்பின், அடுத்தவர் கிணறும் உவராகும்.