நெடுநல்வாடை காட்டும் கணப்புச் சிக்கனம்

காரியாபட்டி வட்டாரத்தில் சீமைக்கருவேல மரத்தை மூட்டமிட்டுக் கரியாக்கி விற்பர். விற்கும் கரியை மார்கழிக் குளிருக்கு எரிப்பது காசை எரிப்பதே. செலவு குறைய வழியுண்டா? நக்கீரரின் நெடுநல்வாடையில் விடை காண்கிறோம். வேனிலில் தென்றல் நுழைந்த மாடத்துச் சாளரக் கதவுகளை முதலில் தாழிடுகின்றனர். தண்ணீர் பருகுவதையும் தவிர்க்கின்றனர். அதன் பின்னரே அகன்ற வாயுடைய 'தடவு' என்னும் நெருப்புச் சட்டி பேசப்படுகிறது. வாடையை அடைத்தபின் சிறு நெருப்பே போதும் என்பது இவ்வரிசையில் நாம் கொள்ளும் பொருள்.

எனினும், மாடமாளிகைக்குப் பொருந்தியது நம் ஒற்றையறை வீட்டுக்குப் பொருந்தாது. அடைத்த அறையில் கனலும் கரி, மணமும் நிறமுமற்ற கார்பன் மோனாக்சைடை வெளியிடும். உறங்குவோர் விழியாமலே மடிவர். ஆதலின் சாளரம் திறந்திருக்கும்போதே குளிர்காய்ந்து, சட்டியை வெளியே வைத்த பின்னரே கதவை அடைத்து உறங்குதல் வேண்டும்.